கடைக்காரர் பங்கு

செய்தி நம் உரக்கடைக்காரர்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்குக் கிடைத்தது. காலை ஏழு மணி இருக்கும். காட்பாடிக்கு யூரியா ஏற்றிய சரக்கு ரயில் வந்திருக்கிறது, வேண்டியவர்கள் இன்றே பெயர் கொடுக்கவும் என்று ஒரு தகவல். அதற்குக் கீழே, விரிஞ்சிபுரம் சாலையில் உரக்கடை வைத்திருந்த ஏசுபாதம் காலமானார் என்று இன்னொன்று. முதல் தகவலுக்குப் பதில்கள் மடமடவென்று வந்தன. இரண்டாவதற்கு ஐந்தாறு பேர் கைகூப்பும் படத்தைப் போட்டார்கள். உடனே யாரோ, ‘லோடு இன்னிக்கே கிடைக்குமா?’ என்று கேட்டார். பேச்சு மறுபடியும் யூரியாவுக்குப் போய்விட்டது.

நான் அவர் கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். என்னைக் கூப்பிட்டுச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்தேன். “நல்லதா நாலு வார்த்த எழுதுங்க சார்” என்றார். நல்ல வார்த்தைகள் அவருக்கு உயிரோடு இருந்தபோது தேவைப்பட்டன. அப்போது இந்தச் சங்கம் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் எழுதச் சம்மதித்தேன். அவரைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதை அவரை அறிந்தவர்கள் நடுவில்தான் சொல்லவேண்டும்.

நான் வேதியியலில் முதுகலை படித்தவன். ஆம்பூரில் ஒரு சிறிய தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், கெமிஸ்ட்டாக இருந்தேன். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் விதிகள் இறுகிக்கொண்டே வந்த காலம் அது. விதிகள் தவறு என்று சொல்லமாட்டேன். பாலாற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் பெரிய ஆலைக்கும் சிறிய ஆலைக்கும் வாங்கவேண்டிய இயந்திரம் ஒன்றுதான். நிரப்பவேண்டிய படிவமும் ஒன்றுதான். பெரியவர்கள் அந்தச் செலவைத் தங்களிடம் வந்து குவியும் தோல்களின் மேல் பரப்பிவிட்டார்கள். எங்கள் முதலாளியிடம் பரப்புவதற்குத் தோல் இல்லை. ஒருநாள் காலை போனால் கேட் பூட்டியிருந்தது. “இன்னா சார், உங்களுக்குச் சொல்லலியா?” என்று வாட்ச்மேன் கேட்டார். என்னைப் பற்றிய முக்கியமான செய்திகள் எல்லாம் எனக்கு இப்படித்தான் வந்து சேர்கின்றன.

பூச்சி மருந்து விற்கும் கடையில் வேதியியலோ வேளாண்மையோ படித்த ஒருவர் இருக்கவேண்டும் என்ற விதி அப்போதுதான் நம்மைத் தேடி வந்தது. ஏசுபாதம் எட்டாவது வரை படித்தவர். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, என்ன பூச்சி, எத்தனை நாளாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அது படிப்பில் சேராது. மற்ற கடைகளில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பட்டதாரியின் சான்றிதழ் சுவரில் தொங்கும். பட்டதாரி வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். நானும் அந்த எண்ணத்தோடுதான் சான்றிதழை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

“காயிதத்த மட்டும் மாட்டிக்கினா அது பொய்யி, கெமிஸ்ட்டு. நீயும் வந்து குந்து” என்றார்.

“வந்து நான் இன்னா பண்றதுண்ணா?”

“நான் எதனா தப்பா பண்ணா சொல்லு. அதுக்குத்தானே கவுருமெண்டு உன்ன வெக்கச் சொல்லுது?”

விதியை அதன் அர்த்தத்தோடு எடுத்துக்கொண்ட ஒரே கடைக்காரரை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் என்னைக் கெமிஸ்ட்டு என்றே கூப்பிட்டார். விவசாயிகளுக்கு நான் ‘சர்டிபிகேட்’. “சர்டிபிகேட் கீறாரா, டீக்குப் போய்ட்டாரா?” என்று வாசலில் நின்றே கேட்பார்கள். “சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு மாட்டுங்கண்ணா, தூசி படியுது” என்பார்கள். ஏசுபாதம் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஒன்பது வருடமும் சிரித்தார். அவருக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. அதை ஒருநாளும் நான் அவரிடம் சொன்னதுமில்லை. மனதுக்குள் போட்டு வைத்துக்கொண்டேன்.

யூரியா வியாபாரத்தை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. விலையை அரசு வைக்கிறது. அதில் கம்பெனிக்கு ஆதாயம் கம்மி. அதனால் யூரியா கேட்டால் விலைபோகாத சரக்கையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள். ‘இணைப்பு’ என்று அதற்குக் கல்யாணப் பத்திரிகை மாதிரிப் பெயர் வேறு. ஒரு சம்பா பருவத்தில் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி கடைக்கு வந்தான்.

“அண்ணா, இந்தப் பயிர் டானிக்கு பத்துப் பெட்டி எடுத்துக்கங்க, யூரியா லோடு நாளைக்கே வந்துரும்.”

“எடுக்கலன்னா?”

“அப்பவும் வரும்ணா. எப்ப வரும்னுதான் சொல்ல முடியாது.”

ஏசுபாதம் எடுத்துக்கொண்டார். மற்றவர்களைப் போல மூட்டைக்கு ஒரு பாட்டில் என்று விவசாயியிடம் தள்ளிவிடலாம் என்றேன். “அவன் பயிருக்கு வோணாங்கறத அவன் தலையில கட்டிட்டு ஞாயித்துக்கெழம சர்ச்சுல நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு குந்தறது?” என்றார். பெட்டிகள் பின்னறையில் கிடந்து காலாவதியாகின. அடுத்த ஆய்வில் அவற்றைக் கண்டுபிடித்து நோட்டீஸ் கொடுத்தார்கள். விவசாயியைக் கட்டாயப்படுத்தி விற்றால் குற்றம். விற்காமல் வைத்திருந்து தேதி தாண்டினால் குற்றம். வாங்கவே மாட்டேன் என்றால் யூரியா கிடையாது. இந்த மூன்றிலும் கம்பெனியின் பெயர் எங்கேயும் வராது. “மேல எவனோ பண்ற தப்பு, கீழ எறங்கி வர்றதுக்குள்ள என் பேருக்கு மாறிடுது கெமிஸ்ட்டு” என்று அன்று சொன்னார். பிற்பாடு நான் ஆர்வத்தில் வாசித்த பொருளாதாரப் புத்தகங்களில் இதையே வளைத்து வளைத்து எழுதியிருக்கிறார்கள்.

உரக்கடைகளைச் சோதிக்க வரும் ஆய்வாளர் அம்மாவின் மேல் அவருக்குக் கோபம் இருந்ததில்லை. எனக்கும் இல்லை. மாதத்துக்கு இத்தனை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும் என்று அந்த அம்மாவுக்கு மேலிடத்து உத்தரவு. போய்வர வண்டி கிடையாது, பஸ்தான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் எங்கள் கடை. நாங்கள் நேரத்துக்குத் திறந்திருப்போம், பில் புத்தகம் சுத்தமாக இருக்கும், உட்கார நாற்காலி இருக்கும். உள்கிராமத்தில் மாட்டுக் கொட்டகைக்குள் வைத்து மருந்து விற்கிறவனிடம் அவர் போனதில்லை. அவனுக்கு உரிமமே இல்லை. அதனால் அவன் பட்டியலிலும் இல்லை. ஒழுங்காக இருப்பவனைச் சோதிப்பதுதான் செலவு குறைந்த வேலை.

“எங்க கட மேலயே உங்களுக்கு இன்னாம்மா இவ்ளோ ஆச?” என்று ஏசுபாதம் கேட்பார்.

“மோர் குடுக்கிறீங்களேண்ணா, அதான்” என்பார் அந்த அம்மா.

அப்படி ஒருநாள் மோர் குடித்துவிட்டு டிஏபி உர மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்தார். தைத்த தையல் பிரியாத மூட்டைகள். கம்பெனியிலிருந்து எப்படி வந்தனவோ அப்படியே இருந்தவை. எடுத்த உரத்தைக் கலந்து மூன்று பங்காகப் பிரித்துப் பைகளில் கட்டி அரக்கு முத்திரை வைத்தார். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு, மூன்றாவது எங்களிடம். அதன் சீட்டில் ‘கடைக்காரர் பங்கு’ என்று எழுதி ஏசுபாதத்திடம் கையெழுத்து வாங்கினார். ஆய்வில் தகராறு வந்தால் சான்றாகக் காட்டுவதற்கு அது. அதை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. சொல்லவேண்டியவன் நான். அவருக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் அதை இரும்பு பீரோவில், பைபிளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

முடிவு வந்தபோது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைவு என்று இருந்தது. தரமற்ற உரம் விற்றதாக நோட்டீஸ். மீதமிருந்த மூட்டைகளைத் தொடக்கூடாது என்று தடை. உரிமத்தை ஏன் நிறுத்தக்கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கிராமத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தச் செய்தி ‘ஏசுபாதம் போலி உரம் வித்துட்டான்’ என்று மாறிவிட்டது. மறுநாள் பதினைந்து பேர் கடை முன்னால் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் முனிரத்தினம். கடை தொடங்கிய நாளிலிருந்து வாடிக்கை, ஏசுபாதத்தின் தோஸ்த்து.

“நடவு போட்டு மூணு நாள் ஆவுது. உன் உரத்த நம்பித்தானே போட்டேன்? மண்ண அள்ளிக் குடுத்தியாடா ஏசு?”

“டேய் முனி, நான் எப்பனா உனுக்குப் பொய் சரக்கு குடுத்துக்கீறனா?”

“பேப்பர்ல போட்டுக்கீறாங்கன்றான் என் புள்ள. நான் உன்ன நம்புறதா, பேப்பர நம்புறதா?”

ஏசுபாதத்தின் முகம் அப்படிச் சிறுத்து நான் பார்த்ததில்லை. தடை போட்ட மூட்டைகளைப் பிரிக்க முடியாது. சட்டென்று உள்ளே போய் பீரோவைத் திறந்து அந்தப் பையை எடுத்துவந்தார்.

“இது அதே மூட்டையில எடுத்தது. ஆபீசர் கையால கட்டுனது. இது என் பங்கு. எனக்குன்னு குடுத்துட்டுப் போனது. உங்க கண்ணு முன்னால பிரிக்கிறேன்.”

பங்கு என்றால் நம் ஊரில் சொந்தம் என்றுதானே அர்த்தம்? தண்ணீரில் பங்கு, தோப்பில் பங்கு, அறுத்த ஆட்டில் பங்கு எல்லாம் கொண்டவன் இஷ்டம்தான். சட்டத்தில் அப்படி இல்லை. சட்டம் அவருக்குக் கொடுத்த பங்கு, அவர் தொடக்கூடாத பங்கு.

எனக்கு அது தெரியும். அந்த முத்திரை உடைந்தால் அவரிடம் வேறு சான்று இல்லை என்பதும் தெரியும். “அண்ணா” என்று எழுந்தேன். அவர் திரும்பாமலே, “நீ குந்துப்பா சர்டிபிகேட்டு, இது படிப்பு வேல இல்ல, கை வேல” என்றார். கூட்டம் சிரித்தது. அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. பதற்றத்தில், கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்கச் சொன்னது என்பது இப்போது புரிகிறது. அப்போது கூட்டத்தின் சிரிப்புதான் என் காதில் விழுந்தது. செய்யட்டும் என்று உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அரக்கை உடைத்தார். முனிரத்தினத்தின் இடுப்பிலிருந்த சுண்ணாம்பு டப்பியை வாங்கி, டிஏபி மணிகளோடு சேர்த்து உள்ளங்கையில் புகையிலையைப் போலக் கசக்கினார். ஒவ்வொருவர் மூக்கிலும் கையை நீட்டினார். சுள்ளென்று நெடி ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தவர்கள் தும்மிக்கொண்டே சிரித்தார்கள்.

“எப்பா, மூக்கே போச்சிடா ஏசு!” என்றார் முனிரத்தினம்.

“போலி உரத்துல இந்த நெடி வருமா? சொல்லு, வருமா?”

“வராது, வராது. இன்னாத்துக்கு இவ்ளோ ரோசம் உனுக்கு?”

அந்தச் சோதனை அமோனியாவை மட்டும்தான் காட்டும். குறைவு என்று எழுதப்பட்டிருந்தது மணிச்சத்து. அதற்கும் சுண்ணாம்புக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கூட்டத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான். என் படிப்புக்கு ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு நாள் உண்மையான வேலை வந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். விவசாயிகள் சமாதானமாகிப் போனார்கள். போகும்போது இரண்டு பேர் யூரியாகூட வாங்கிக்கொண்டார்கள். ஏசுபாதம் கையைக் கழுவிவிட்டு வந்து, “பாத்தியா கெமிஸ்ட்டு?” என்றார். “பாத்தேண்ணா” என்றேன்.

மறு ஆய்வு கேட்டு நான்தான் மனு எழுதினேன். பதிலாக விசாரணைக்கு வரச் சொன்னார்கள். கடைக்காரர் பங்கை முத்திரையோடு கொண்டுவரவேண்டும் என்று அந்தக் கடிதத்தில் படித்தபோதுதான் ஏசுபாதத்துக்கு விஷயம் புரிந்தது. வேலூர் அலுவலகத்தில் அதிகாரி பொறுமையாகவே பேசினார். அலுவலகத்தில் வைத்திருந்த பங்கு மழை ஈரத்தில் கட்டியாகிவிட்டது, அதை இனி ஆய்வுக்கு அனுப்ப முடியாது, மூட்டைகளிலிருந்து மறுபடி மாதிரி எடுக்கவும் விதியில் இடமில்லை என்றார். “உங்க பங்கு முத்திரையோட இருக்குல்ல? அதக் குடுங்க, வெளி மாநில ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கம்பெனி பக்கம் தப்புன்னா அதுல தெரிஞ்சிடும்.”

ஏசுபாதம் பிரிந்த பையை எடுத்து மேசையின் மேல் வைத்தார். அதிகாரி அதைத் திருப்பி உடைந்த அரக்கைப் பார்த்தார்.

“யாருங்க இதப் பிரிச்சது?”

“நான்தான் சார். என் பங்குன்னு நெனச்சிட்டேன்.”

“கடையில படிச்சவர் ஒருத்தர் இருக்கணுமே? அவர் பேரும் உரிமத்துல இருக்கு. அவர் எப்படிப் பிரிக்க விட்டார்? அவர் மேலயும் எழுதவேண்டியிருக்கும்.”

நான் ஏசுபாதத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஏசுபாதம் கொண்டுவந்திருந்த துணிப்பையிலிருந்து வருகைப் பதிவு நோட்டை எடுத்து விரித்தார். “அவரு அன்னிக்கி லீவு சார். வீட்ல விசேஷம். பாருங்க.” அந்தத் தேதிக்கு நேராக, என் பெயருக்கு எதிரில், அவருடைய கோணல் எழுத்தில் ‘லீவு’ என்று இருந்தது. நான் போட்டிருந்த கையெழுத்தின் மேல் வெள்ளை மை தடவி எழுதியிருந்தார். அதிகாரி அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

காகிதத்தை மட்டும் மாட்டினால் அது பொய் என்று என்னைக் கடையில் உட்காரவைத்த மனிதர் அவர். திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“ஏண்ணா அப்டி சொன்னீங்க?”

“என் லைசென்சு போனா நான் மாடு வெச்சிப் பொழச்சிக்குவேன். உன் பேர்ல ஒரு கோடு விழுந்தா அடுத்த கடையில எவன்டா உன்னச் சேப்பான்? மறுபடியும் தோல் ஷாப்பு கேட்டாண்ட போய் நிப்பியா?”

அத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வழியில் பெரும்பாலானோர் இறங்கிய பிறகு பஸ் காலியாக இருந்தது. பேசுவதற்கு எத்தனையோ நேரம் இருந்தது. இந்த வரிகளை எழுதும்போதும் அந்த இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உரிமத்தை ஒரு பருவம் நிறுத்திவைத்தார்கள். அந்தப் பருவம் முழுவதும் மாட்டுக் கொட்டகைக்காரன் நன்றாக விற்றான். அவனிடம் மாதிரி எடுக்க யாரும் போகவில்லை. கம்பெனி ஒரு வருத்தக் கடிதம்கூடப் போடவில்லை. ஏசுபாதத்தின் மனைவி ரூத் அக்கா சங்கத்துக்கு இரண்டு முறை வந்தார். சங்கம் கம்பெனிகளைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினீர்கள். உரிமம் திரும்ப வந்தது, சரக்கு வரவில்லை. குறைவாக எடுக்கும் கடைகளுக்கு லாரி அனுப்பினால் கட்டுப்படியாகாது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடைசி இரண்டு வருடம் அந்தக் கடையில் மாட்டுத் தீவனமும் தேங்காய் நார்க் கயிறும் விற்றார். “இதுக்குப் படிப்பு வோணாம். நீ வேற எடம் பாத்துக்கோ கெமிஸ்ட்டு” என்று அவரே என்னை அனுப்பிவைத்தார். தீவன மூட்டை இறக்கிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று அடக்கத்தின்போது ரூத் அக்கா சொன்னார்.

அடக்கத்துக்கு முனிரத்தினம் வந்திருந்தார். மண் போடும்போது குழியைப் பார்த்து, “ஏசு, நீ குடுத்தது நல்ல சரக்குதாண்டா” என்று சத்தமாகச் சொன்னார். அந்த உரம் நல்லதா, குறையுள்ளதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை அவர் என் கண்ணெதிரில் உடைத்தார்.

இப்போது குடியாத்தத்தில் ஒரு பெரிய கடையில் இருக்கிறேன். வேலைக்குச் சேரும்போது என் பெயரில் ஏதாவது குறிப்பு உண்டா என்று விசாரித்தார்கள். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். மாதச் சம்பளம் வருகிறது, மகள் நர்சிங் படிக்கிறாள். அதற்கெல்லாம் அடியில் இருப்பது வருகைப் பதிவு நோட்டின் ஒரு கட்டம்.

ஏசுபாதம் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது நான் எடுக்காத அந்த ஒரு நாள் லீவு. அதை அவர் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும். இதைப் படிக்கிறவர்களில் அதிகாரிகள் யாராவது இருந்தால் குறித்துக்கொள்ளட்டும். அன்றைக்கு நான் கடையில்தான் இருந்தேன்.